பயணக் காப்பீடும் இரண்டாம் மாடித் தீயணைப்பானும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், உன் அப்பாவின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே என்பதால் அதையும் முதல் வரியிலேயே நலம் என்று எழுதிவிட்டுப் பின்னால் மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. பதறாதே. ஆள் பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்தித்தாளில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார், அந்த அளவுக்குத் தேறிவிட்டார். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் போனமுறை போனில் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன என்று ஆரம்பித்துவிட்டு உடனே பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசப் போய்விட்டாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், உன் அப்பா பின்னாலிருந்து திருத்தம் சொல்வார், விஷயம் மட்டும் வந்து சேராது.

நீ கூப்பிட்டு ஓய்ந்து, இந்த வருஷம்தான் உன் அப்பா வருகிறேன் என்று தலையாட்டினார் அல்லவா, அன்றிலிருந்து இந்த வீட்டில் பயணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, பயணக் காப்பீட்டைப் பற்றித்தான் பேசினார்கள். முதலில் வந்தவர் உன் சித்தப்பா. இரண்டு முறை வெளிநாடு போய், இரண்டாவது முறை பெட்டியைத் தொலைத்து, அதற்கு ஈடாக ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு பனியனும் பெற்றுத் திரும்பியவர் என்பதால் இந்தத் துறையில் அவரே நம் குடும்பத்துக்கு மூத்த அறிஞர். "டிக்கெட் எடுக்கும்போதே கீழ ஒரு கட்டம் வரும் அண்ணி, அதுல ஒரு டிக் போட்டா முடிஞ்சுது, இதுக்குப் போய் மாநாடு நடத்துறீங்க" என்றார். அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டேன். அதையெல்லாம் யாரும் படிப்பதில்லை என்றார், ஏதோ படித்தால் பலிக்காமல் போய்விடும் என்பது போல. பயணத்தில் ஆள் இறந்துபோனால் உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடக்கம் என்று உன் அப்பா எடுத்துச் சொன்னபோது, நாங்கள் இருவரும் எதிரே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் மறந்து, "ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்தா ஏதாவது குறைச்சுக் குடுப்பானா" என்று கேட்டார். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், இப்படி ஒரு தம்பி இருந்தால் படை எதற்கு.

உன் அப்பாவுக்கு எந்தப் பாலிசியும் பிடிக்கவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. வேலை பார்த்த காலம் முழுவதும் இன்ஷூரன்ஸ் ஆபீஸின் கிளெய்ம் பிரிவில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகளின் முதுகு மட்டும் தெரியும் அந்த அறையில், ஜனங்கள் கேட்ட பணத்தை ஏன் தரக்கூடாது என்று காரணம் எழுதியே சம்பளம் வாங்கியவர். உலகத்தில் சிலர் பாட்டு கேட்டுத் தலையாட்டுவார்கள், இவர் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் விலக்குப் பிரிவுகளைப் படித்துத் தலையாட்டுவார். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீடு ஒன்று, டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் காப்பீடு ஒன்று, தனியாக விற்கிற காப்பீடு மூன்றோ நான்கோ, எல்லாவற்றையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யாராவது பணம் கேட்டு வந்தால் எப்படி இல்லை என்று சொல்லியிருப்பார் என்பதைக் கண்டுபிடித்து எனக்கு விளக்கினார். "இங்க பாரு, இடி விழுந்தா தருவான், ஆனா மழை வரும்னு தெரிஞ்சும் வெளிய போயிருந்தா தரமாட்டான், என்னமா எழுதியிருக்கான் பாரு" என்று சொல்லும்போது முகத்தில் இருந்த பூரிப்பை எங்கள் கல்யாண ஆல்பத்தில் தேடினாலும் கிடைக்காது. இப்படிப் பத்து நாள் போயிற்று. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் விமான நிறுவனத்தின் சாப்பாட்டு மெனுவிலேயே ஓட்டை கண்டுபிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பாலிசி மட்டும் எடுத்தபாடில்லை.

அவருடைய ஆபீஸ் தொழில் முழுவதும் ஒரே கேள்வியில் அடக்கம் என்பது உனக்கு நினைவிருக்கும். எப்போதிலிருந்து? வயிற்றுவலியா, எப்போதிலிருந்து? மூட்டுவலியா, எப்போதிலிருந்து? பாலிசி எடுத்த தேதிக்கு முன்னாலிருந்து என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டால் கதை முடிந்தது. தையல்காரர் ஒருவர் ஆபரேஷன் செலவுக்கு எழுதிய கடிதத்தில், கொஞ்சம் நன்றாக இருக்கட்டுமே என்று, 'நெடுநாளாகத் தொல்லை தந்த வலி' என்று எழுதிவிட்டாராம். அந்த நெடுநாளாக என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளுபடி செய்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டில் நமக்குச் சொல்லிச் சிரித்தார். அழகாக எழுத ஆசைப்பட்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனை எழுத்தாளர்களுக்குக்கூடக் கிடைப்பதில்லை. அன்று நீ சிறு பெண், சிரிக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் நீ எந்த நோயையும் இப்பத்தான் என்றே சொன்னாய். உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும், எப்போலேருந்துடா என்றால், இப்பத்தான்பா. முழங்காலில் காய்ந்து பொருக்குத் தட்டிய காயம், அதுவும் இப்பத்தான். நானும் பல்லைப் பிடுங்குகிற வரைக்கும் இப்பத்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் எந்த நோய்க்கும் நேற்று என்று ஒன்று இருந்ததில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் கடவுளுக்குப் பயப்படுவார்கள், நாம் முந்தைய தேதிக்குப் பயந்தோம்.

இதற்கிடையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் டீச்சர் ஒருநாள் என்னை நிறுத்தி, "அக்கா, சார் தினமும் எங்க வாசல் முன்னாடி நின்னு எதையோ ஆராய்ச்சி பண்றாரே, நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா" என்று கேட்டாள். பாவம், பயந்துபோயிருந்தாள், உன் அப்பாவின் முகம் அப்படி. விசாரித்தால், அவர்கள் வாசலுக்கு எதிரே சுவரில் தொங்கும் தீயணைப்பான் மேல் எழுதியிருப்பதைத்தான் நின்று படிக்கிறாராம். ஏன் என்று அவரிடம் கேட்டேன். "அதோட தேதி முடிஞ்சு போச்சு, அதான் பாத்தேன்" என்றார். முடிந்துபோன தேதியைத் தினமும் பார்த்தால் புதுப்பித்துக்கொள்ளுமா என்றேன். ஆபீஸில் மனுதாரரைப் பார்க்கிற பார்வை பார்த்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், ஆனால் உன் அப்பா எதையாவது படித்துக்கொண்டு நிற்பதில் யாருக்குத்தான் சந்தேகம் வரும். மேலே நம் வீட்டுக்கு ஏறி வரும் வழியில் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கிறார் என்பதையும் படித்து முடிக்கும்போது நெற்றி வியர்த்திருக்கிறது என்பதையும் நான் கவனிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கடைசியில் உன் சித்தப்பா ஒரு ஏஜென்டை அனுப்பிவைத்தார். வாயைத் திறந்தால் கவலைப்படாதீங்க என்பார், அதனால் நானும் உன் அப்பாவும் அவருக்குக் கவலைப்படாதே என்றே பெயர் வைத்துவிட்டோம், நாங்கள் இருவரும் ஒத்துப்போன அபூர்வ விஷயங்களில் அது ஒன்று. கழுத்தில் டை, கையில் டேப்லெட், பையில் வழவழப்பான புத்தகம். அட்டையில் ஒரு கிழவரும் கிழவியும் பனியில் நின்று எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார்கள், பல்லுக்கு இந்தப் பாலிசி செல்லாது என்பது பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று வகை சொன்னார், நகைக்கடையில் உட்கார்ந்திருக்கிறோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்றால், "பிளாட்டினம் எடுத்தா நீங்க நிம்மதியா இருக்கலாம்மா" என்றார். வெள்ளி எடுத்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன், அதற்கும் கவலைப்படாதீங்க என்றார். திருப்தியடைந்த வாடிக்கையாளர்கள் என்று நான்கு பேர் படத்தைக் காட்டினார், அதில் ஒருவர் அதே டையோடு இருந்தார். வேலிக்கு ஓணான் சாட்சி. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். இந்த மாதிரி ஆளைத் துண்டு துண்டாகப் பிரித்து மேய்வதற்கென்றே பிறந்தவர், அந்தச் சின்ன எழுத்தைக்கூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் உடல்நிலைக் கேள்விகள் வந்தன. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, அதெல்லாம் உண்மைதான். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதயக் கோளாறு ஏதாவது உண்டா என்பது அடுத்தது. உன் அப்பா பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தார், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தைத் தொழில்முறையில் புரிந்துகொண்ட கவலைப்படாதே, குரலைத் தாழ்த்தி, "இல்லைன்னே போட்டுடலாம் சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க, யார் வந்து பாக்கப் போறா" என்றார். மகளே, இந்த ஒரு வாக்கியத்துக்காக உன் அப்பா வாழ்நாளெல்லாம் மனிதர்களைத் துரத்தியிருக்கிறார். உள்ளதை மறைத்தவனுக்கு ஒரு காசு கிடையாது என்பது அவருக்கு வேதம். ஏஜென்டைச் சட்டையைப் பிடித்து வாசலில் விடப்போகிறார் என்று நான் எழுந்துகூட நின்றுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சரி, போடுங்க" என்றார்.

அந்தச் சரியை என் காதே நம்பவில்லை. கடலே வற்றினாலும் உன் அப்பா சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. நான் உட்கார்ந்து, அவருடைய ஆபீஸ் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, "எப்போதிலிருந்து" என்று கேட்டேன். "என்ன எப்போதிலிருந்து" என்றார். "தீயணைப்பான் படிக்கிறது" என்றேன். ஏஜென்ட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்ற முகம். உன் அப்பா, உயிரே போனாலும் பழக்கம் போகாது என்பதற்கு ஆதாரமாக, "இப்பத்தான்" என்றார். நான் அந்த டேப்லெட்டை மூடி ஏஜென்டின் கையில் கொடுத்தேன். "கவலைப்படாதீங்கம்மா, மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "தம்பி, கவலைப்பட வேண்டிய இடத்துல கவலைப்படறதுக்குத்தான் வீட்ல ஒரு ஆள் வேணும், அது நான். நீங்க கிளம்புங்க" என்றேன். பிளாட்டினத்தையும் எடுத்துக்கொண்டு அவர் போனார், அந்தப் பனிக் கிழவனும் கிழவியும் மட்டும் மேஜையிலேயே இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "எவ்வளவு நாளா இருக்கு" என்றார், இவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. டாக்டர் அதையும் தட்டச்சு செய்யப் போனார். "அதை எழுதாதீங்க டாக்டர், அது எங்க வீட்ல எல்லாரும் சொல்றது" என்றேன். அப்போதுதான் அவர் முதல்முறையாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். உன் அப்பா சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தபடி, "மக ஊருக்குப் போன அன்னிக்கு, பெட்டி தூக்கி எறக்கினேன், ரெண்டாவது மாடில வந்துது" என்றார். அன்றும் வழக்கம்போல லிஃப்ட் ஓடவில்லை, கீழே கார்க்காரர் நான் தூக்குகிறேன் சார் என்று வந்தார், மகளின் பெட்டியைத் தூக்க எனக்குத் தெரியாதா என்று இவர் அவரைத் தள்ளிவிட்டார், நீயும் பார்த்தாய். உடனே பெட்டியில் புத்தகம் போட்டது என் தப்பு என்று அங்கே உட்கார்ந்து உருகாதே. புத்தகம் கனமாகத்தான் இருக்கும். தூக்க வந்த ஆளை அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் நின்று தீயணைப்பான் படித்து, அதற்கப்புறம் இத்தனை காலம் அதே இடத்தில் நின்று அதையே படித்துக்கொண்டிருந்தவரின் புத்திதான் கனம் போதாதது.

ஒரு ரத்தக்குழாய் நன்றாகவே அடைத்திருந்தது. ஸ்டென்ட் என்று ஒரு சுருள் வைத்துத் திறந்துவிட்டார்கள், மூன்றாம் நாள் வீடு வந்துவிட்டோம். உனக்கு அப்போதே சொல்லாததற்குக் காரணம் நீ உடனே விமானம் ஏறி வந்திருப்பாய் என்பதுதான், காப்பீடு எடுக்காமல். ஆஸ்பத்திரியில் நடந்த கூத்து ஒன்றைச் சொல்கிறேன், உன் அப்பாவை நீ தெய்வமாக நினைக்க ஆரம்பித்தால் அப்போது எடுத்துப் படித்துக்கொள். நம் வீட்டு மருத்துவக் காப்பீட்டில் செலவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் படுக்கைக்கே வந்தாள். எல்லாம் அனுமதியாகிவிட்டது அங்கிள், கையெழுத்துப் போடுங்கள் என்றாள். இவர் படுத்தபடியே, "நாலாவது பக்கம் பாத்தீங்களா, பழைய வியாதிங்கிற அந்தப் பிரிவுப்படி எனக்கு நீங்க தரவேண்டியதில்லன்னு வாதாடலாம்" என்று அவளுக்கு இடம் காட்டிக் கொடுத்தார். தன் கிளெய்மைத் தானே தள்ளுபடி செய்ய எழுந்த ஒரே நோயாளி உலகத்தில் இவராகத்தான் இருக்கும். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். "அங்கிள், அது பாலிசி எடுத்த மொத மூணு வருஷத்துக்கு மட்டும்தான், நீங்க எடுத்து எவ்வளவோ வருஷமாச்சு, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். இவர் மறுபடி படித்துப் பார்த்து, ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டு, வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டார்.

ஏன் மறைத்தீர்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "சொன்னா போக விடமாட்டே, பாலிசியும் கெடைக்காது, நான் அவளைப் பாக்கணும்" என்றார். இதைப் பாசம் என்று நினைத்து நீ கண்ணைத் துடைத்துக்கொள்வாய், தெரியும். நான் துடைத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லி எடுத்த பாலிசி காகிதத்துக்குக்கூடப் பெறாது என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர், அதே பொய்யோடு உன் வீட்டுக்கு வந்து, அங்கே படியில் விழுந்திருந்தால், அந்த ஊர் ஆஸ்பத்திரி கேட்கும் பணத்துக்கு நீ இருக்கிற வீட்டை விற்றிருக்க வேண்டும். உயிரைச் சொல்லவே வேண்டாம். விழுந்தா என்ன பண்றதா இருந்தீங்க என்று கேட்டேன். "விழ மாட்டேன்னு நெனச்சேன்" என்றார். இத்தனை வருஷம் அபாயத்தைக் கணக்குப் போட்ட மூளை, தன் விஷயத்தில் போட்ட கணக்கு மொத்தமும் அவ்வளவுதான்.

ஆக, நாங்கள் அடுத்த மாதம் வரவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று. மாத்திரை மாற்றாமல், வலி வராமல் ஆறு மாதம் போனால் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்கிறது, இதயத்தில் சுருள் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறது, பிரீமியமும் அதற்கேற்ற மாதிரி கசக்கிறது. அட்டையில் படமே இல்லை, யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பா முழுவதும் படித்துவிட்டு, "இதுல எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல" என்றார், அவர் வாயால் இதைவிடப் பெரிய பாராட்டு வராது என்பதால் அதையே முடிவு செய்துவிட்டோம். உன் சித்தப்பா கேள்விப்பட்டு, இதுக்கு அந்தக் கட்டத்துலயே டிக் போட்டிருக்கலாம் என்றார். இரண்டாம் மாடித் தீயணைப்பானை மாற்றச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார் உன் அப்பா, இப்போது நிஜமாகவே அதன் தேதிக்காக. அதன் எதிரே டீச்சர் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள். முதல் நாள் முறைத்துவிட்டுப் போனார், மறுநாளிலிருந்து உட்காருகிறார்.

நீ அங்கே நல்லபடியாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, நல்ல தூக்கமும் நிறைந்த ஆயுசும் உனக்கு வாய்க்கட்டும், கனமான பெட்டியைத் தூக்க யாராவது வந்தால் கொடுத்துவிடு. இனிமேல் போன் பண்ணும்போது உன் அப்பாவிடம் எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்காதே, அதற்கு அவரிடம் ஆயத்தமாகப் பதில் இருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேள். பதில் வரும்வரை போனை வைக்காதே.

இப்போது உன் விரல்களுக்கு வருகிறேன். மரத்துப்போகிறது என்றாய், இப்பத்தான்மா என்றாய், நாய்க்குப் போய்விட்டாய். நீ யார் வளர்த்த பெண் என்று எனக்குத் தெரியும். அங்கே யாரும் உன் கிளெய்மைத் தள்ளுபடி செய்யக் காத்திருக்கவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது, முதல் வரியிலேயே எழுது.

எப்போதிலிருந்து?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா